மனுஷக் காய்ச்சல்தானாம்

பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உனக்கு வந்தது பறவைக் காய்ச்சலாமே?" இல்லை என்று சொன்னால் உடனே ஒரு பெருமூச்சு. "அப்பாடா! மனுஷக் காய்ச்சல்தானா!" அந்த அப்பாடாவைக் கேட்டால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிகிறது. மார்க்கெட்டில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், போன வாரம் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்டாள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள் நான். தமிழில் எப்போதும் நல்ல மார்க். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்த பிறகும் யாராவது என் முன்னால் அப்பாடா சொன்னால், அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் ஹமீதா. புதுச்சேரி டவுனில், முல்லா வீதியை ஒட்டிய சந்தில் எங்களுக்கு ஒரு கோழிக்கடை. வீட்டுக்காரர் அறுப்பார், துண்டு போட ஓர் ஆள் உண்டு, கல்லாவில் நான். எங்களுக்கு ஒரே மகள், பர்வீன். உப்பளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகன் அன்சாரிக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஊசி மாத்திரை எல்லாம் பார்த்து, கடைசியில் உண்டாகியிருந்தாள். ஏழாவது மாதம். தலைப்பிரசவம் என்பதால் எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைக்காக நான் செய்யாத துஆ இல்லை, வைக்காத நோன்பு இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கடையில் கோழிகள் செத்தன. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, வெயில். மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது. கூண்டில் நெருக்கியடித்துக் கிடந்த பிராய்லர் கோழிகளில் ஏழெட்டு வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்தன. கோழி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. நான்தான் அவற்றைச் சாக்கில் அள்ளிப்போட்டேன். அடுத்த சில நாளில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. தொண்டை வறண்டு, இருமி இருமி விலா நொந்துவிட்டது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் பதறிப்போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதற்காம். குறைவு என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அதுவரை டாக்டர் நன்றாகத்தான் பேசினார். அப்புறம் தொழில் என்ன என்று கேட்டார்.

"கோழிக்கடைங்க."

"சமீபத்துல கோழி ஏதாவது செத்துச்சா?"

"வெயிலுக்குக் கொஞ்சம் செத்துச்சு சார்."

அவ்வளவுதான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நர்ஸ் கதவருகே போய் நின்றுகொண்டாள். "இங்க வசதி இல்ல, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்டுங்க" என்று ஒரு சீட்டு எழுதி, அதை என் கையில்கூடக் கொடுக்காமல் மேஜையில் தள்ளிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு ஒரு மாத்திரை இல்லை, ஓர் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில்தான் போனோம். எக்ஸ்ரேவுக்கான பில்லை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கினார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் என்னைத் தனி அறையில் போட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி, அது வழியாகத்தான் மனித முகத்தைப் பார்க்கலாம். உள்ளே வருகிறவர்கள் கவுன், கண்ணாடி, இரண்டு அடுக்கு மாஸ்க் என்று போட்டுக்கொண்டு வருவார்கள். யார் நர்ஸ், யார் தரை துடைக்கிறவர் என்றே தெரியாது. நீளமான பஞ்சுக்குச்சியை மூக்குக்குள் மூளைவரை விடுகிற மாதிரி விட்டுச் சளி எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

என்னைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வந்த முதல் வேலையாக ஒரு மாத்திரையைக் கொடுத்து என் கண் முன்னாலேயே விழுங்க வைத்தாள்.

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாலயேவாம்மா?" என்று கேட்டேன்.

"இன்ஃப்ளுயன்சான்னு சந்தேகம் வந்தா உடனே குடுக்கணும். பறவை ஃப்ளூவா இருந்தாலும் இதே மாத்திரைதான், மனுஷ ஃப்ளூவா இருந்தாலும் இதே மாத்திரைதான். எவ்ளோ சீக்கிரம் போடறமோ அவ்ளோ நல்லது."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! இரண்டுக்கும் ஒரே மாத்திரை என்றால் அந்தத் தனியார் டாக்டர் அதை எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கலாமே! ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கோழி என்ற வார்த்தையைக் கேட்டதும் படித்த படிப்பெல்லாம் மறந்துவிட்டது அவருக்கு.

முதல் ரிசல்ட் வந்தது. பிசிஆர் என்கிற சோதனை. சளியில் இருக்கும் வைரஸின் ஜீனைப் பல மடங்கு பெருக்கி, அது எந்த வகை என்று பார்ப்பார்கள். 'இன்ஃப்ளுயன்சா ஏ, உட்பிரிவு உறுதியாகவில்லை' என்று வந்தது. இந்த 'ஏ' என்கிற ஓர் எழுத்துதான் எங்கள் மானத்தை வாங்கியது. மனிதர்களிடம் வருஷா வருஷம் பரவும் ஃப்ளூவிலும் பாதிக்கு மேல் 'ஏ' தான். பறவைக் காய்ச்சலும் 'ஏ' தான். எந்த 'ஏ' என்று பிரித்துச் சொல்ல என் சளியில் வைரஸ் போதவில்லையாம். மறுபடி குச்சியை விட்டு எடுத்து, வெளியூர்ப் பெரிய லேபுக்கு அனுப்பினார்கள்.

அந்த ரிசல்ட் வருவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதிகாரிகள் வந்து கடையைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். மிச்சக் கோழிகளைச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். அவர்கள் வேலை அது, சரி. ஆனால் கடை வாசலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டது யார்? 'முல்லா வீதியில் பறவைக் காய்ச்சல், பெண் கவலைக்கிடம்' என்று போட்டார்களே, கவலைக்கிடம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? பக்கத்துக் கடைக்காரர்கள் சந்து முழுக்கச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டினார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா ஜுலேகா, தெருவில் யாருக்கு ஜுரம் என்றாலும் முதலில் ஓடிப்போய் நிற்கிறவர், போனைக்கூட எடுக்கவில்லை. போன் வழியாகவுமா பரவும்?

எங்கள் ஜனங்களுக்கு நோயாளியைப் போய்ப் பார்ப்பது வெறும் மரியாதை இல்லை, கடமை. படுத்திருக்கிறவரின் தலைமாட்டில் நின்று கை பிடித்து, நெற்றியில் கை வைத்து, துஆ ஓதிவிட்டு வந்தால்தான் கடன் தீரும். போகாமல் இருந்துவிட்டால் வருஷக்கணக்கில் பேச்சு வரும். அப்படிப்பட்ட சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட வரவில்லை. கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. ஏனென்றால் பர்வீனையும் யாரும் அழைத்துவரவில்லை.

வீடியோவில் அவள் அழுவாள். "நான் வர்றேம்மா. ஒரே ஒரு தபா கண்ணாடி வழியா பாத்துட்டுப் போய்டறேன்."

"அடி செருப்பால. வந்தா காலை ஒடச்சிடுவேன். நீ அங்கியே கெட. நீயும் புள்ளையும் நல்லா இருந்தா போதும் எனக்கு" என்பேன். பேசி முடிப்பதற்குள் மூச்சு இரைக்கும். அவள் வயிற்றை நோக்கி போனைத் திருப்பிக் காட்டுவாள். நைட்டிக்கு மேலேயே பிள்ளை புரள்வது தெரியும்.

அந்த நாட்களில் நல்லதாக நடந்தது ஒன்று. எங்கள் சந்து முனையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது, சொல்தா வீடு என்போம், சிப்பாய் வீடு என்று அர்த்தம். அந்த வீட்டு மதாம் தினமும் கஞ்சியும் பருப்புத் துவையலும் செய்து, ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் போன் போடுவார். "ஹமீதா, சாப்பாடு வெச்சிட்டேன். நான் உள்ள வரல, எனக்கும் வயசாச்சு, உனக்கும் தொந்தரவு. நல்லா தூங்கு." அவ்வளவுதான் பேச்சு. பயந்து ஓடவும் இல்லை, பாசம் காட்டுகிறேன் என்று மேலே வந்து விழவும் இல்லை. இப்படியும் ஒருவரை விசாரிக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் ஒருவர்தான் வராந்தாவில் பெஞ்சில் கிடந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டாயா என்று கையால் கேட்பார்.

ஒருநாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நான் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏம்மா, ரெண்டும் ஃப்ளூதானே? கோழிக்கு வர்றதுக்கும் மனுஷனுக்கு வர்றதுக்கும் அப்பிடி இன்னாதாம்மா வித்தியாசம்? என் குடும்பமே தெருவுல நிக்குது."

அவசரமாக இருந்தவள்தான், ஆனாலும் நின்றாள். "கோழிய கையில புடிச்சா எப்பிடிம்மா இருக்கும்?"

"சுடும். காய்ச்சக்காரன் உடம்பாட்டம்."

"அந்தச் சூட்டுல வளந்தது பறவை வைரஸ். நம்ம மூக்கு அப்பிடி இல்ல, காத்து போய்ட்டுப் போய்ட்டு வர்ற இடம், குளுந்து கெடக்கும். வைரஸோட ஜீன் எட்டுத் துண்டா இருக்கும்மா. அதுல ஒரு துண்டு, அது தன்னைத்தானே நகல் எடுத்துக்கறதுக்கான குறிப்பு. பறவை வைரஸ்ல ஒரு இடத்துல ஒரு எழுத்து இருக்கும். மனுஷ வைரஸ்ல அதே இடத்துல வேற எழுத்து. அந்த ஒரு எழுத்து மாறியிருந்தாத்தான் நம்ம மூக்குல இருக்கற குளிர்ச்சியில நல்லா பெருகும்."

"ஒரே ஒரு எழுத்தா?"

"அது ஒண்ணு. இன்னொண்ணு, வைரஸுக்கு மேல முள்ளு மாதிரி இருக்கும், அத வெச்சுத்தான் நம்ம உடம்புல ஒட்டும். பறவை வைரஸோட முள்ளு பறவை உடம்புல இருக்கற சர்க்கரையப் புடிக்கறதுக்குத் தோதா இருக்கும். நம்ம மூக்கு, தொண்டையில அதே சர்க்கரைதான், ஆனா வேற மாதிரி திரும்பி ஒட்டியிருக்கும். அதனால பறவை வைரஸ் அங்க சரியா ஒட்டாது. நுரையீரலுக்கு அடியில மட்டும் அதுக்குத் தோதான எடம் இருக்கு. அங்க எறங்கிட்டா நோவு ரொம்பப் பெருசு, உயிருக்கே ஆபத்து. ஆனா ஆழத்துல இருக்கறதால ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்கு லேசுல போவாது."

"மனுஷ வைரஸ்?"

"அது மூக்கு வாசல்லயே உக்காந்திருக்கும். தும்மினா போதும்."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அப்போ பறவைக் காய்ச்சலுன்னா எதுக்கு எல்லாரும் ஓடறாங்க?"

"நாங்க பயப்படறது வேற காரணத்துக்கு. ஒரே உடம்புல ரெண்டு வைரஸும் சேந்துச்சுன்னா, அந்த எட்டுத் துண்டையும் கலந்து மாத்திக்கும். அப்ப புதுசா ஒண்ணு கெளம்பி ஊர் உலகம் பூரா பரவலாம். அதுக்காகத்தான் உங்கள இப்பிடி அடச்சி வெச்சிருக்கோம். ஊர்க்காரங்க ஓடறது பேரைக் கேட்டு."

அவள் போன பிறகு நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இது மட்டும் மனுஷக் காய்ச்சலாக இருந்தால், பறவைக் காய்ச்சல் வந்தவளைவிட நான்தான் மற்றவர்களுக்கு ஆபத்தானவள். பர்வீனை இன்னும் கொஞ்ச நாள் தள்ளியே வைக்கவேண்டும். அது எனக்கு அன்றைக்கே தெளிவாகப் புரிந்தது.

லேபிலிருந்து ரிசல்ட் வந்தது. எச்3என்2. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகியதே, அதே மனுஷ ஃப்ளூ. கடையில் எவனோ காசு கொடுக்கும்போது என் முகத்தில் தும்மியிருப்பான். கோழிகளின் ரிசல்ட்டும் வந்தது. அவற்றுக்கு எந்தக் காய்ச்சலும் இல்லை, வெயில்தான். பாவம், வாயில்லாத ஜீவன்கள் மேல் பழியைப் போட்டோம்.

டாக்டர் என்னிடமும் வீட்டுக்காரரிடமும் சேர்த்துத்தான் சொன்னாள். "பறவை ஃப்ளூ இல்ல, மனுஷ ஃப்ளூ. ஆனா இன்னும் சில நாளைக்கு இவங்ககிட்டருந்து பரவும். யாரும் கிட்ட வர வேணாம், மாஸ்க் கழட்டக் கூடாது. முக்கியமா வயசானவங்க, கைக்கொழந்த, புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க வரவே கூடாது."

வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு வெளியே போய், வராந்தாவிலிருந்தே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். அவர் குரல் எனக்குக் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! இல்லையாம்! மனுஷக் காய்ச்சல்தானாம்! டாக்டரே சொல்லிட்டாங்க!" இதை மட்டும்தான் சொன்னார். மிச்சத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. குற்றவாளி மாதிரி தலை குனிந்து திரிந்த மனுஷன், தலை நிமிர்ந்த சந்தோஷத்தில் பாதியை விழுங்கிவிட்டார். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் மன்னிக்க இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரி மட்டும் ஒழுங்கா? தனி அறை வேறு யாருக்கோ வேண்டுமென்று அன்று மத்தியானமே என்னைப் பொது வார்டுக்குத் தள்ளினார்கள். டாக்டர் சொன்னதெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததாம். வார்டு வாசலில் அதைப் பார்த்து ஆளைத் தடுக்க யாரும் இல்லை. பறவைக் காய்ச்சல் என்றபோது கதவுக்குக் காவல் போட்டவர்கள், மனுஷக் காய்ச்சல் என்றதும் கதவையே திறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் வந்தார்கள் பாருங்கள், கூட்டம் கூட்டமாக! இத்தனை நாள் வராத கடனையெல்லாம் ஒரே நாளில் தீர்க்க வந்துவிட்டார்கள். ஜுலேகா அக்கா முன்னால், பின்னால் ஏழெட்டுப் பேர். ஆளாளுக்குத் தூக்குச்சட்டி. கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, நெற்றியில் கை வைப்பதென்ன, கன்னத்தைத் தடவுவதென்ன!

"தள்ளி நில்லுங்கக்கா. இப்பதான் ஒட்டும்னு டாக்டர் சொன்னாங்க" என்றேன்.

"அடப் போடி, மனுஷனுக்கு மனுஷன் வர்றதுதானே. சாதாக் காய்ச்ச" என்று சொல்லிக்கொண்டே ஜுலேகா அக்கா என் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். "இன்னும் எதுக்கு இந்த மூஞ்சி மூடி? நாங்க பயந்துக்குவோம்னா? மொகத்தக் காட்டு, எப்பிடிக் கறுத்துட்ட பாரு!"

மாஸ்க்கை மேலே இழுக்கக் கையைத் தூக்கினேன். அந்தக் கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு துஆ ஓத ஆரம்பித்தாள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பர்வீன் வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. பின்னால் அன்சாரி.

"ஐயோ, இவள ஏன் அழைச்சிட்டு வந்தீங்க? வெளிய போ பர்வீன்! போடி வெளிய!"

கத்தினேன். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. வாயை மூட எனக்குக் கை இல்லை, இரண்டு கையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். பர்வீன் அழுதுகொண்டே வந்து என் மேல் சாய்ந்தாள். அவள் கன்னம் என் கன்னத்தில் பட்டது. கைகளை உருவி எடுத்து அவளைத் தள்ளினேன். சத்தியமாகத் தள்ளினேன். பல நாள் படுத்துக் கிடந்த கையில் பலமில்லை. நான் அணைப்பதாக நினைத்துக்கொண்டு அவள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய மறுநாளோ அதற்கு மறுநாளோ பர்வீனுக்குத் தொண்டை கரகரப்பு. அப்புறம் ஜுரம். அவள் உப்பளத்தில்தான் இருந்தாள். நான் போனிலேயே கத்தினேன். "ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த மாத்திரையக் கேட்டு வாங்கிப் போடுங்க."

அவள் மாமியார் நல்ல மனுஷிதான், ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? "சம்மந்தி, வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டுக் கண்ட மாத்திரையும் போடலாமா? சாதாக் காய்ச்சதானே. சுக்குக் கஷாயம் வெச்சிக் குடுத்திருக்கேன், வேர்த்து எறங்கிடும்." ஜுலேகா அக்காவும் அதையேதான் சொல்லியிருக்கிறார். பறவைக் காய்ச்சல் என்று ஒரு சந்தேகம் இருந்திருந்தால் அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சாதா என்ற வார்த்தை அவர்கள் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. கர்ப்பிணிக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கலாம், கட்டாயம் கொடுக்கவேண்டும், உண்டானவர்கள் முன்கூட்டியே ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அத்தனை செக்கப்புக்குப் போனாளே, ஒரு வாய்கூட அந்தத் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லவில்லையே!

இரண்டு நாள் கஷாயத்திலேயே போனது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஆட்டோ பிடித்து உப்பளம் போய்ச் சேர்ந்தபோது, பர்வீன் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "மூச்சு உட முடியலம்மா" என்றாள். அப்புறம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "காலைலருந்து இவன் சும்மா இருக்கான்" என்றாள்.

அதே ஆஸ்பத்திரி. அதே பெண் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் வருகிறவள் யார் என்று கேட்டாள். என் மகள் என்றேன். அவள் உடனே வேலையில் இறங்கினாள். மாத்திரை, ஆக்சிஜன், அப்புறம் ஐசியூ. முகம் முழுக்க மூடும் ஒரு மாஸ்க்கை இறுக்கிக் கட்டி, மெஷினால் காற்றை உள்ளே தள்ளினார்கள். பிரசவ டாக்டர் வந்து வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். தாய்க்கு மூச்சு குறைந்தால் பிள்ளைக்கும் குறையும் என்று மெதுவாக ஆரம்பித்தார். மேலே சொல்லவேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

ஆண் பிள்ளை. முழு உருவம். தலை நிறைய முடி. அழவில்லை. பெயர் வைத்து, குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அன்சாரியும் என் வீட்டுக்காரரும் அடக்கம் செய்யக் கபருஸ்தானுக்கு எடுத்துப்போனார்கள். பர்வீன் அப்போதும் மெஷினில்தான் இருந்தாள். அவள் சளியைச் சோதித்தார்கள். எச்3என்2. என்னிடமிருந்துதான் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். "ஊர்லயே பரவிட்டிருக்கற வைரஸ்மா. உங்ககிட்டருந்துதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றாள். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாததற்கு அவளுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். என் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அந்த வாரம் இருமிக்கொண்டு கிடந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பர்வீன் பிழைத்துக்கொண்டாள். அல்லாவுக்கு நன்றி. எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள். சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். துக்கம் விசாரிக்க எல்லாரும் வந்தார்கள். இந்தக் கடமைக்கும் யாரும் குறை வைக்கவில்லை. ஒவ்வொருவரும் "அல்லாவோட நாட்டம்" என்றார்கள். எனக்கும் நம்பிக்கை உண்டு, உங்களைவிடக் குறைச்சலாக இல்லை. ஆனால் நோவு பரவுகிற இடத்தில் ஒதுங்கி இருக்கச் சொன்னதும் நம் மார்க்கம்தானே? டாக்டர் வாய் வழியாக எச்சரிக்கை அனுப்பியதும் அவன்தானே? அதை அலட்சியம் செய்துவிட்டு அவன் மேலேயே பழியைப் போட்டால் எப்படி? நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜுலேகா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உண்மையிலேயே அழுதுகொண்டுதான் இருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னார். "போவட்டும் ஹமீதா, மனச தேத்திக்கோ. எப்பிடியோ பறவைக் காய்ச்சலா இல்லாம போச்சே, அதுவே பெருசு."

கையை உருவிக்கொண்டு எழுந்தேன். வீடு நிறைய ஜனம். என் குரல் தெருவரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

"பறவைக் காய்ச்சலா இருந்திருக்கக் கூடாதான்னுதான் நான் தெனம் அல்லாகிட்ட கேட்டுட்டிருக்கேங்க்கா. இருந்திருந்தா நீங்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டீங்க. நான் போயிருப்பேன். என் பேரன் இருந்திருப்பான்."